பாக்கை எப்படி வாசிப்பது? வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் பரோக் கால (ஏறத்தாழ 1600–1750) விசைப்பலகை இசை, குறிப்பாக ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாக்கின் இசை பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், ஆலயத்தில் வாசிப்பவர்கள், வீட்டில் டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: பாக்கைப் பழைய முறைப்படி வாசிப்பதா, பிற்கால முறைப்படியா?

கேள்வி: என் மகள் கிரேடு தேர்வுக்கு பாக்கின் முதல் இன்வென்ஷனை (இரண்டு கையும் இரண்டு குரலாக வாசிக்கும் சிறு பயிற்சித் துண்டு, சி மேஜர்) வாசிக்கிறாள். அவளுடைய டீச்சர், "பெடலைத் தொடாதே, சத்தத்தை ஏற்றி இறக்காதே, அதெல்லாம் ரொமாண்டிக் பாணி" என்கிறார். யூடியூபில் பெரிய கலைஞர்கள் பெடலும் போட்டு, ஏற்றி இறக்கியும் வாசிக்கிறார்களே? எதை நம்புவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: டீச்சர் சொல்வதில் பாதி சரி. பாக் இந்த இன்வென்ஷன்களின் சுத்தப் பிரதியை 1723-இல் எழுதினார். அன்றைக்கு வீடுகளில் இருந்தவை ஹார்ப்சிகார்டும் கிளாவிகார்டும். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஓர் இறகுமுனை கம்பியைச் சுண்டிவிடும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். சத்தத்தை நீட்டிப் பிடிக்கும் பெடலும் அதில் கிடையாது. "ஏற்றி இறக்காதே" என்ற விதி இங்கிருந்து வந்தது.

கிளாவிகார்டு அப்படி இல்லை. அதில் ஒரு சிறிய பித்தளைத் தகடு கம்பியைத் தொட்டு, கட்டையை விடும்வரை தொட்டபடியே நிற்கும். அதனால் விரலின் அழுத்தம் அப்படியே சத்தத்தில் தெரியும். பிடித்திருக்கும் நோட்டை விரலாலேயே லேசாக அசைக்கவும் முடியும். மொத்தச் சத்தம் மிகச் சிறியது, ஆனால் அதற்குள் ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே பரோக் காலத்தில் ஏற்ற இறக்கமே இல்லை என்பது சரியல்ல. அதோடு இந்த நூலின் முகப்பிலேயே பாக், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவது போன்ற வாசிப்பைப் பழகுவதற்காக இதை எழுதியதாகச் சொல்கிறார். தட்டச்சு அடிப்பது போல ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போவதை பாக்கின் பெயரில் யாரும் நியாயப்படுத்த முடியாது.

அப்படியானால் ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் ஒரு நோட்டுக்கு எப்படி அழுத்தம் கொடுத்தார்? அதற்கு முந்தைய நோட்டைக் கொஞ்சம் முன்னாலேயே விட்டார். அந்தச் சின்ன இடைவெளிக்குப் பிறகு வரும் நோட், அதே சத்தத்தில் வந்தாலும், அழுத்தமாகக் கேட்கும். நாகஸ்வரத்தில் துத்துக்காரம் போட்டு நோட்டுகளைப் பிரித்து வாசிப்பதையும் ஒரே மூச்சில் கோத்து வாசிப்பதையும் நம் கோயில் வாசலில் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். ரொமாண்டிக் பாணிக்கும் பழைய பாணிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசிப்பு நீண்ட லெகாட்டோ (இடைவெளியில்லாமல் கோத்த) வளைவையும் சத்த அளவையும் நம்பியது. பழைய வாசிப்பு நோட் எப்போது முடிகிறது என்பதை நம்பியது.

உங்கள் மகளுக்கு வேலை இப்படி: முதல் பாரில் (தாளக் கட்டத்தில்) வலது கை ஒரு செமிகுவேவர் (கால் தட்டு) இடைவெளி விட்டு சி, டி, இ, எஃப், டி, இ, சி என்று ஓடி மேலே ஜி-யில் போய் நிற்கிறது. அந்த ஜி-யோடு சேர்த்து ஜி, சி, பி, சி என்று நான்கு குவேவர்கள் (அரைத் தட்டு நோட்டுகள்). செமிகுவேவர்களை ஒன்றோடொன்று உரசும்படி, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வாசிக்க வேண்டும். குவேவர்களைப் பிரிக்க வேண்டும். குரோட்செட்டுக்கு (ஒரு தட்டுக்கு) 60 என்ற வேகத்தில் ஒரு குவேவர் அரை வினாடி. அதில் சுமார் 0.3 வினாடி ஒலித்தால் போதும், மீதி காற்று. பி-யின் மேல் மார்டென்ட் (கீழ் நோட்டைத் தொட்டுத் திரும்பும் அலங்காரம்) இருக்கிறது. அதை மட்டும் அடுத்த சி-யோடு சேர்த்து, முடிவில் மென்மையாக விடலாம். இடது கையைத் தனியாக எடுத்து இதே விதியில் பழகிய பிறகே இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு நீளத்தில் நோட்டை விட வேண்டியிருக்கும். கஷ்டமே அங்கேதான்.

பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது ஓர் இடத்தில்: "பிரி" என்று சொன்னதும் மணிக்கட்டால் கொத்த ஆரம்பிப்பார்கள். குவேவர்கள் துள்ளும், பாட்டு போய்விடும். பிரிப்பது என்பது அடிக்கும் விதத்தை மாற்றுவது அல்ல, விடும் நேரத்தை மாற்றுவது. விரல் கட்டையின் மேலேயே இருக்கட்டும், மேலே எழும்பும் கட்டையோடு சேர்ந்து எழும்பினால் போதும்.

இது கைக்கு வந்தபின் ஏற்ற இறக்கம் சேர்க்கலாம். பியானோவில் அதைத் தவிர்க்கத் தேவையில்லை, இசை மேலே ஏறும்போது இயல்பாகக் கொஞ்சம் வளரட்டும். பெடலைக் கடைசியாகப் பாருங்கள். இந்த இன்வென்ஷனுக்கு அது தேவைப்படாது.

கேள்வி: டிரில்லை (பக்கத்து இரண்டு நோட்டுகளை மாறி மாறி வேகமாக வாசிப்பதை) மேல் நோட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒருவரும், எழுதிய நோட்டிலிருந்து என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே குறிதானே?
– வாசகர், தென்காசி

பதில்: பாக்கின் இசைக்குப் பொதுவாக மேல் நோட்டிலிருந்து, அதுவும் தாளத்தின் மேலேயே. பாக் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720-இல் தொடங்கிய பயிற்சி ஏட்டில் டிரில் போன்ற அலங்காரங்களுக்கு ஓர் அட்டவணை எழுதியிருக்கிறார். அதில் டிரில் மேல் நோட்டில்தான் தொடங்குகிறது. இன்னொரு மகன் சி.பி.இ. பாக் 1753-இல் வெளியிட்ட விசைப்பலகை வாசிப்பு நூலிலும் அப்படித்தான். எழுதிய நோட்டில் தொடங்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. உங்களுக்குச் சொன்ன இரண்டாமவர் ஷோப்பினுக்குப் பிந்தைய பழக்கத்தை பாக்குக்குப் பொருத்துகிறார்.

காரணத்தைக் காதால் பார்த்துவிடலாம். ஜி மேஜரில் ஒரு வரி முடியும் இடம். இடது கையில் டி, வலது கையில் எஃப் ஷார்ப்பின் மேல் டிரில். நேராக எஃப் ஷார்ப்பில் தொடங்கினால் கார்டோடு சுகமாக ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் நடக்காது. ஜி-யில் தொடங்குங்கள்: அது டி-யோடு உரசும், பிறகு எஃப் ஷார்ப்பில் இறங்கி அமையும். டிரில்லின் உயிர் அந்த உரசல். மேல் நோட்டைத் தாளத்துக்கு முன்னாலேயே வாசித்துவிட்டால் உரசலும் போய்விடும். அதனால்தான் தாளத்தின் மேலே என்று வற்புறுத்துகிறோம்.

பழகும்போது முதலில் டிரில்லே வேண்டாம். மேல் நோட்டை மட்டும் இடது கையோடு சேர்த்து வைத்து, பாதி நேரம் பிடித்து, எழுதிய நோட்டுக்கு இறங்குங்கள். அந்தச் சாய்வு காதில் நின்றபின் நான்கு நோட்டாக்குங்கள்: ஜி, எஃப் ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப். மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் வேகம் பிடித்தால் இன்னும் அழகு. எண்ணிக்கையை மனப்பாடம் செய்யாதீர்கள். நேரம் இருந்தால் ஆறு, இல்லாவிட்டால் நான்கு.

இன்னொன்று: அலைக்கோடு மட்டும் இருந்தால் டிரில். அதன் நடுவே செங்குத்தாக ஒரு கோடு வெட்டினால் மார்டென்ட், அதாவது எழுதிய நோட், கீழ் நோட், மறுபடி எழுதிய நோட். அச்சு மங்கிய நகலில் அந்தக் குறுக்குக்கோடு காணாமல் போய்விடும். நகல் எடுக்கும்போது கவனியுங்கள்.

சிறிய எழுத்தில் வரும் அப்போஜியாட்டூராவுக்கு (முக்கிய நோட்டின் மேல் சாய்ந்து இறங்கும் நோட்டுக்கு) சி.பி.இ. பாக் சொல்லும் கணக்கு எளிது. சாதாரண நோட்டின் முன் வந்தால் அதன் பாதியை எடுத்துக்கொள்ளும், புள்ளி வைத்த நோட்டின் முன் வந்தால் மூன்றில் இரண்டு பங்கு.

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. என்னிடம் இருப்பது தாத்தா காலத்துப் புத்தகம். அதில் பாக்கின் சி மேஜர் பிரெலூட் ('வெல்-டெம்பர்டு கிளாவியர்' நூலின் முதல் தொகுதி, முதல் பிரெலூட், அதாவது முன்னிசை) 36 பார் இருக்கிறது. நண்பரின் புதுப் புத்தகத்தில் 35. அச்சுப்பிழை யாருடையது? மேலும் என் புத்தகத்தில் சத்தக் குறிகளும் வளைவுக்கோடுகளும் நிறைய இருக்கின்றன, அவர் புத்தகம் வெறுமையாக இருக்கிறது.
– வாசகர், நாசரேத்

பதில்: 35-தான் சரி. உங்கள் புத்தகத்தில் 22-ஆம் பாருக்கும் அடுத்த பாருக்கும் நடுவே ஒரு பார் கூடுதலாக நுழைந்திருக்கிறது. 22-இல் அடி நோட் எஃப் ஷார்ப். பாக் எழுதியபடி அடுத்த பாரில் அது நேராக ஏ ஃபிளாட்டுக்குத் தாவுகிறது. அந்தத் தாவல் சிலருக்குக் கரடாகப் பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாம்பர்க்கில் இருந்த ஷ்வென்கே என்பவரின் பிரதியில், நடுவில் ஜி-யை அடியாக வைத்த ஒரு பார் இருக்கிறது. எஃப் ஷார்ப், ஜி, ஏ ஃபிளாட் என்று வழுக்கிக்கொண்டு போகும். கார்ல் செர்னி 1837-இல் வெளியிட்ட பதிப்பும் அதை எடுத்துக்கொண்டது, பிறகு பல பதிப்புகளுக்கும் அது பரவியது. இந்தப் பிரெலூட்டின் மேல் பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ அமைத்த 'ஆவே மரியா'விலும் அந்தக் கூடுதல் பார் இருக்கிறது. அதனால் பாடகரோடு அதை வாசிக்கும்போது பாரை வெட்டிவிடாதீர்கள், பாடுபவர் தடுமாறுவார். பிரெலூட்டைத் தனியாக வாசிக்கும்போது வெட்டிவிடுங்கள். பாக் வேண்டுமென்றே வைத்த கரடு அது, அதை மழுக்கக் கூடாது.

உங்கள் புத்தகத்தின் சத்தக் குறிகளும் வளைவுகளும் பதிப்பாசிரியர் போட்டவை. பாக்கின் கைப்பிரதியில் இந்தப் பிரெலூட்டுக்கு அவை இல்லை. நண்பருடையது ஊர்டெக்ஸ்ட் பதிப்பாக இருக்கும். ஹென்லே, பேரென்ரைட்டர் போன்ற பதிப்பகங்கள் போடுவது அது, இசையமைப்பாளர் எழுதியதை மட்டும் தருவது. தேர்வுக்கும் படிப்புக்கும் அதையே வாங்குங்கள்.

பழையதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. செர்னி பீத்தோவனின் மாணவர். ஃபெருச்சியோ புசோனி 1894-இல் வெளியிட்ட முதல் தொகுதிப் பதிப்பில் ஒரு மாபெரும் பியானோ கலைஞரின் சிந்தனை முழுவதும் அடிக்குறிப்புகளாக இருக்கிறது. அவற்றை அவர்களுடைய வாசிப்பின் பதிவாகப் படித்தால் நிறையக் கற்கலாம். பாக்கின் கட்டளையாகப் படிக்கும்போதுதான் கெடுகிறது. ரொமாண்டிக் பாணியில் வாசிப்பது குற்றம் என்று நாங்கள் நினைக்கவில்லை. எது யாருடையது என்று தெரியாமல் வாசிப்பதைத்தான் குறை என்கிறோம்.

இந்தப் பிரெலூட்டுக்குப் பெடல் வேண்டுமா என்ற கேள்விக்கும் பக்கத்திலேயே விடை இருக்கிறது. இடது கையின் முதல் நோட்டை பாக் மினிமாக (இரண்டு தட்டாக) எழுதியிருக்கிறார். இரண்டாவது நோட் புள்ளி வைத்த குவேவர், ஒரு குரோட்செட்டோடு கட்டப்பட்டது. அதாவது இரண்டையும் அரை பார் முடியும்வரை விரலாலேயே பிடிக்கச் சொல்கிறார். பெடலின் வேலையை விரல் செய்துவிடுகிறது. பலர் இந்தக் கட்டுக்கோட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் செமிகுவேவராக விட்டுவிட்டு, பிறகு வறட்சியாக இருக்கிறதே என்று பெடலைத் தேடுவார்கள்.

கேள்வி: பழைய முறை என்றால் மெட்ரோனோம் போல ஒரே சீராக வாசிப்பதா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: இல்லவே இல்லை. மெல்ட்சல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல், பாக் இறந்து 65 ஆண்டுகளுக்குப் பிறகு. இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டி 1615-இல் தன் டொக்காட்டாக்களுக்கு (கட்டற்ற போக்குள்ள விசைப்பலகைத் துண்டுகளுக்கு) எழுதிய முன்னுரையிலேயே, அவற்றைத் தாளத்துக்குக் கட்டுப்படாமல், சில இடங்களில் மெதுவாகவும் சில இடங்களில் வேகமாகவும் வாசிக்க வேண்டும் என்கிறார். பிரான்சில் ஃப்ரான்சுவா கூப்பரேன் 1716-இல் வெளியிட்ட ஹார்ப்சிகார்டு நூலில், நாங்கள் எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறு என்று வெளிப்படையாகச் சொல்கிறார்: சமமாக எழுதிய குவேவர்களை நீளம்–குறுக்கம் என்று இணை இணையாக வாசிப்பது அவர்கள் வழக்கம். பாக்கின் இன்வென்ஷன்களில் அதைப் போட வேண்டாம், அது பிரெஞ்சு பாணிக்கு உரியது.

நடைமுறைக்கு: டொக்காட்டா, கற்பனைப் பிரெலூட் போன்றவற்றில் சுதந்திரம் அதிகம். மினுவெட், காவோட், ஜீக் போன்ற நடனங்களில் பார் ஆடக் கூடாது, பாருக்கு உள்ளே ஆடலாம். மினுவெட்டுக்கு மெட்ரோனோமை 120-இல் வைத்து மூன்று தட்டாக வாசிக்காமல் 40-இல் வைத்து பாருக்கு ஒரு தட்டாக வாசித்துப் பாருங்கள். முதல் நோட்டைக் கொஞ்சம் நீட்டி, மற்ற இரண்டையும் லேசாக்க இடம் கிடைக்கும். எல்லா பாரிலும் அதே அளவு நீட்டினால் விக்கல் போலக் கேட்கும், கார்ட் மாறும் இடத்துக்கு மட்டும் வையுங்கள். சரபாண்டில் இரண்டாவது தட்டுக்கும் கனம் உண்டு.

சொல்ல மறக்கக் கூடாதது: எல்லாக் குழந்தைகளும் முதலில் படிக்கும் ஜி மேஜர் மினுவெட், அன்னா மக்டலேனா பாக்கின் 1725-ஆம் ஆண்டு ஏட்டில் இருந்தாலும், அது கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது. இன்னமும் பல புத்தகங்களில் பாக் பெயரே நிற்கிறது.

கேள்வி: வாண்டா லாண்டோவ்ஸ்காவின் பழைய ஹார்ப்சிகார்டு பதிவையும் இன்றைய பதிவையும் கேட்டேன். வாத்தியமே வேறு மாதிரி ஒலிக்கிறது. எது அசல்?
– வாசகி, திருநெல்வேலி டவுன்

பதில்: உங்கள் காது சரி. லாண்டோவ்ஸ்கா 1933-இல் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைப் பதிவு செய்தது பாரிஸின் பிளேயெல் நிறுவனம் செய்த வாத்தியத்தில். அதில் பியானோ போல இரும்புச் சட்டம், கனமான கம்பிகள், ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் 16 அடி கம்பி வரிசை, வரிசைகளை மாற்றக் கால் பெடல்கள் எல்லாம் உண்டு. பாக் காலத்து வாத்தியங்கள் முழுக்க மரச்சட்டம், இலேசான கட்டு. அந்தப் பழைய வாத்தியங்களை அளந்து அப்படியே செய்யும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வலுத்தது. பாஸ்டனில் ஃப்ராங்க் ஹப்பார்டும் வில்லியம் டவுடும் 1949-இல் தொடங்கிய பட்டறை அதில் முக்கியமானது. ஆனால் ஹார்ப்சிகார்டை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் லாண்டோவ்ஸ்கா. வாத்தியம் புதிது என்பதற்காக அவர் வாசிப்பைத் தள்ளிவிடாதீர்கள், ஃபியூக்கின் (ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறி எடுக்கும் அமைப்பின்) குரல்களை அவர் பிரித்துக் காட்டும் தெளிவு இன்றும் பாடம்.

கேள்வி: என் டிஜிட்டல் பியானோவில் ஹார்ப்சிகார்டு ஒலியும், 'டெம்பரமென்ட்' என்ற அமைப்பில் வெர்க்மைஸ்டர் என்ற பெயரும் இருக்கின்றன. பயன் உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நிச்சயம் உண்டு, செலவில்லாமல் கிடைக்கும் நல்ல பாடம். முதலில் ஹார்ப்சிகார்டு ஒலியைப் போட்டு, அழுத்தினால் சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் 'டச்' அமைப்பை 'ஃபிக்ஸ்ட்' என்பதற்கு மாற்றுங்கள். ரிவெர்ப்பை (செயற்கை எதிரொலியை) குறையுங்கள், அது பெடல் போல எல்லாவற்றையும் ஒட்டிவிடும். பெடலில் கால் வைக்காமல் ஒரு வாரம் வாசியுங்கள். பியானோ ஒலிக்குத் திரும்பும்போது விரல் விடும் இடங்கள் தெளிந்திருக்கும்.

ஜெர்மன் ஆர்கன் கலைஞர் வெர்க்மைஸ்டர் 1691-இல் வெளியிட்ட சுருதி முறைகளில் மூன்றாவது இன்று அதிகம் பயன்படுகிறது. இன்றைய சம சுருதியில் எல்லா மேஜர் மூன்றாம் இடைவெளியும் (சி–இ போன்றது) 400 சென்ட், சென்ட் என்பது செமிடோனின் நூறில் ஒரு பங்கு. இயற்கையான இனிய அளவு 386. வெர்க்மைஸ்டரில் சி–இ, எஃப்–ஏ இரண்டும் 390, எஃப் ஷார்ப் மேஜரிலோ 408. அதாவது சி மேஜர் அமைதியாகவும் எஃப் ஷார்ப் மேஜர் கூர்மையாகவும் கேட்கும், ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு குணம் வரும். சோதிக்க: சி மேஜர் கார்டையும் எஃப் ஷார்ப் மேஜர் கார்டையும் ஆர்கன் ஒலியில் நீளமாகப் பிடியுங்கள். முதலாவது அமைதியாகவும் இரண்டாவது படபடப்பாகவும் இருந்தால் சரி. தலைகீழாக இருந்தால் 'ரூட்' வேறு நோட்டில் இருக்கிறது, சி-க்கு மாற்றுங்கள்.

உங்கள் கருவியில் பெயர் இல்லாமல், நோட்டுக்கு நோட் சுருதி மாற்றும் வசதி மட்டும் இருந்தால் இந்த அளவுகளைப் போடலாம் (சென்ட்): சி 0, சி ஷார்ப் −10, டி −8, இ ஃபிளாட் −6, இ −10, எஃப் −2, எஃப் ஷார்ப் −12, ஜி −4, ஜி ஷார்ப் −8, ஏ −12, பி ஃபிளாட் −4, பி −8. ஏ 12 சென்ட் இறங்கிவிடுவதால் வயலினோடு வாசித்தால் ஒட்டாது. அப்போது மொத்தச் சுருதியை 12 சென்ட் ஏற்றிவிடுங்கள். பரோக் குழுக்கள் இன்று பொதுவாக வைக்கும் 415 சுருதி (ஏ = 415 ஹெர்ட்ஸ்) வேண்டுமானால் டிரான்ஸ்போஸ் −1 போதும், அது 440-இலிருந்து கிட்டத்தட்ட சரியாக ஒரு செமிடோன். ஆனால் டிரான்ஸ்போஸ் செய்ததும் அந்த இரண்டு கார்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள், சில கருவிகளில் 'ரூட்' நகர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஆலயம் பெரியது, கூரை உயரம். ஆராதனைக்கு முன் கீபோர்டில் ஆர்கன் ஒலி வைத்து பாக் வாசிக்கிறேன். வீட்டில் நன்றாக இருக்கும் வாசிப்பு அங்கே கூழாகிறது. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம்.
– வாசகர், மெஞ்ஞானபுரம்

பதில்: சத்தத்தைக் கூட்டக் கூடாது, எதிரொலியும் சேர்ந்துதான் கூடும். ஆர்கன் ஒலி பியானோ போலத் தானாகத் தேயாது, விரல் எடுக்கும்வரை அதே அளவில் நிற்கும். அதன்மேல் கூரையின் எதிரொலி வேறு.

முதலில் கருவியின் ரிவெர்ப்பை முழுவதும் நிறுத்துங்கள், கட்டடமே அதைத் தருகிறது. வேகத்தை வீட்டைவிடப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். ஒரே நோட் அடுத்தடுத்து வந்தால் முதலாவதைப் பாதி நேரத்தில் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அடிக்குரலை மேல் குரலைவிட அதிகம் பிரியுங்கள், கூழாவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒலித் தேர்வில் 16 அடி போன்ற கனத்த வரிசையை எடுத்துவிட்டு 8 அடியும் (எழுதிய சுருதி) 4 அடியும் (ஒரு ஸ்தாயி மேலே) மட்டும் வையுங்கள். மக்கள் வந்து அமரும்போது எதிரொலி குறையும், அப்போது பிரிப்பையும் கொஞ்சம் குறைக்கலாம். கடைசி பெஞ்சில் ஒருவரை உட்காரவைத்து, இடது கையை மட்டும் வாசித்துக் காட்டி, நோட்டுகள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று கேளுங்கள். அவருக்குத் தெளிவாகக் கேட்கும் அளவு, கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அதிகமாகப் பிரித்தது போலத்தான் தோன்றும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.